அரைவேக்காடு ஆபத்து

காலை ஏழு மணிக்குப் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் கோரிமேடு போகும் வண்டியில் ஏறிப் பாருங்கள். பாதிப் பேர் மடியில் துணிக்கடைப் பை இருக்கும். உள்ளே சேலை இருக்காது. எக்ஸ்ரே, ஸ்கேன் படம், ஓரம் கிழிந்த ஓ.பி. சீட்டு. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து விடியுமுன் கிளம்பி வந்தவர்கள். ஜிப்மர் நிறுத்தம் வந்ததும் வண்டி காலியாகிவிடும். மாத்திரை, கத்தி, கரண்ட் எல்லாம் பார்த்த இந்தக் கூட்டத்தின் பேச்சில் இப்போது இன்னொரு வார்த்தையும் புழங்குகிறது: "ஊசி வெச்சு சுட்டுட்டாங்க." அதற்கு அடுத்த வார்த்தைதான் நம்மைக் கவலைப்பட வைக்கிறது: "சுட்டாச்சு, இனி ஒண்ணும் இல்ல."

அப்படியில்லை. சுட்ட பிறகுதான் உடம்புக்குள் ஒரு பெரிய வேலை தொடங்குகிறது. அந்த வேலையைக் கூடவே இருந்து கவனிக்கப் போதுமான ஏற்பாடு நம்மிடம் இல்லை. அதன் பெயரைச் சொல்லிக் காசு பார்க்க மட்டும் ஆள் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் "கரண்ட் வைப்பது" என்றால் கதிர்வீச்சு சிகிச்சை. அதில் மின்சாரம் பாய்வதும் இல்லை, கட்டி வேகுவதும் இல்லை. நாம் இங்கே பேசுவது வேறு. அல்ட்ராசவுண்ட் அல்லது சி.டி. படத்தைப் பார்த்துக்கொண்டே, தோல் வழியாக மெல்லிய ஊசியைக் கட்டியின் நடுவில் நிறுத்தி, ரேடியோ அலை மின்சாரத்தாலோ மைக்ரோவேவ் அலையாலோ அந்த இடத்தை மட்டும் வேகவைக்கும் முறை. ஈரலில் தோன்றும் சிறிய புற்றுக்கட்டிக்கு இது உலகம் ஒப்புக்கொண்ட சிகிச்சை. மூன்று சென்டிமீட்டருக்குள், அதாவது பெரிய நெல்லிக்காய் அளவுக்குள், மூன்று கட்டிகள் வரை இருந்தால், வயிற்றைக் கிழிக்காமலே நல்ல பலனை எதிர்பார்க்கலாம். இரண்டு சென்டிமீட்டருக்குள் ஒரே கட்டி என்றால் அறுவைக்கு முன்பே இதைத்தான் பல வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. சிகிச்சையைக் குறை சொல்ல இந்தத் தலையங்கம் எழுதவில்லை. அதை முழுதாகச் செய்யுங்கள் என்று சொல்லவே எழுதுகிறோம்.

தணலில் கிழங்கு சுட்டவர்களுக்கு ஒன்று தெரியும்: வெளியே கருகும், நடுவில் பச்சையாக நிற்கும். ஊசிச் சூட்டில் இது தலைகீழ். ஊசி நடுவில் இருப்பதால் நடுப்பகுதி 60 டிகிரியைத் தாண்டும். அங்கே செல்கள் உடனே செத்துவிடும். வெளியே போகப் போகச் சூடு குறையும். ஓரத்தில் 42, 45 டிகிரி என்று நிற்கும் ஒரு வளையம் உண்டாகும். அங்கே செல்கள் சாகவும் இல்லை, நலமாகவும் இல்லை. பக்கத்தில் பெரிய இரத்தக்குழாய் ஓடினால் இன்னும் சிக்கல்; ஓடும் இரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும், ஈர விறகில் தீப் பற்றாததைப் போல. அதனால்தான் கட்டியைத் தாண்டி அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை நல்ல ஈரலையும் சேர்த்துச் சுட வேண்டும் என்று கைதேர்ந்தவர்கள் வலியுறுத்துகிறார்கள். இந்த அரைவேக்காட்டு வளையத்தில்தான் கதையின் நல்லதும் கெட்டதும் இருக்கின்றன.

நல்லதை முதலில் சொல்வோம். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த நெறிதான் உடம்பின் பள்ளிக்கூடம். புண்ணிலிருந்து எதிரியின் அடையாளத்தைச் சுமந்துகொண்டு டென்ட்ரிடிக் செல்கள் அங்கே போகும். டி செல்களுக்குக் காட்டி, "இவனைப் பார்த்தால் விடாதே" என்று பழக்கும். புற்றுக்கட்டியின் தந்திரம் என்னவென்றால், நம் சொந்தச் செல் போலவே வேடம் போட்டுக்கொண்டு இந்தப் பள்ளிக்கூடத்தின் கண்ணில் படாமல் இருப்பது. சூட்டில் வெந்த கட்டி வெடித்துச் சிதறும்போது அந்த வேடம் கலைகிறது. ஒளித்து வைத்திருந்த புரதங்கள் எல்லாம் வெளியே கொட்டுகின்றன. ஓர வளையத்துச் செல்கள் சூடு தாங்காமல் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைச் சுரந்து அபாயச் சங்கு ஊதுகின்றன. காவல் செல்கள் ஓடி வருகின்றன, அள்ளிக்கொண்டு நெறிக்குப் போகின்றன. கத்தியால் அறுத்து எடுத்து வாளியில் போட்ட கட்டியால் உடம்புக்கு இந்தப் பாடம் கிடைக்காது. உள்ளேயே வெந்து கிடக்கும் கட்டியால் கிடைக்கிறது.

சூட்டால் நோயை வெல்வது நமக்குப் புதிதா? சித்த மருத்துவத்தின் புற மருத்துவ முறைகளில் சுட்டிகை ஒன்று. நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர் 1891-இல் புற்றுநோயாளிகளுக்கு வேண்டுமென்றே கிருமியை ஊசியில் ஏற்றிக் காய்ச்சலை வரவழைத்தார். சிலருக்குக் கட்டி கரைந்தது. சிலர் அந்தக் கிருமியாலேயே இறந்தார்கள். அவர் தொட்டது உடம்பின் எதிர்ப்புப் படையைத்தான் என்பது விளங்க வெகுகாலம் ஆயிற்று. அந்தப் படைக்குப் போடப்பட்ட பூட்டு எது என்று கண்டு சொன்னதற்காக ஜேம்ஸ் ஆலிசனும் தசுகு ஹோன்ஜோவும் நோபல் பரிசு பெற்றது 2018-இல்.

சுட்ட பின் இந்தப் படை எழுகிறதா என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் ஈரல் புற்று சுடப்பட்ட 69 நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஆறு பேருக்குக் கட்டியை அடையாளம் காணும் டி செல்கள் கூடியிருந்தன. கூடியவர்களுக்கு நோய் திரும்புவதும் குறைவாக இருந்தது. ஆனால் அந்த எழுச்சி நெடுநாள் நிற்கவில்லை. சில மாதங்களில் மங்கியது. ஒரு முறை பாடம் கேட்ட பிள்ளை, திரும்பப் படிக்காமல் மறந்துவிட்ட மாதிரி. அமெரிக்காவில் 2017-இல் வந்த ஆய்வு இன்னொரு படி ஏறியது. முற்றிய ஈரல் புற்று உள்ள 32 பேருக்குப் பூட்டைத் திறக்கும் ட்ரெமிலிமுமாப் மருந்தைக் கொடுத்து, இடையில் சில கட்டிகளை மட்டும் ஊசிச் சூடு போன்ற முறைகளால் தாக்கினார்கள். கணக்கில் எடுக்க முடிந்த 19 பேரில் 5 பேருக்கு, கை வைக்காத மற்றக் கட்டிகளும் சுருங்கின. ஓர் இடத்தில் கொடுத்த அடிக்கு வேறோர் இடத்தில் பலன். மருத்துவர்கள் கண்ணை விரித்தது நியாயம்தான்.

அந்த விரிந்த கண்ணைச் சற்றுச் சுருக்க வைத்த கதையும் உண்டு; அதை விளம்பரக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். அறுவையோ சூடோ முடிந்து, நோய் திரும்பும் அபாயம் அதிகமுள்ள 668 பேரை வைத்து நடந்த பன்னாட்டு ஆய்வில், பிறகு ஓர் ஆண்டு எதிர்ப்பாற்றல் மருந்து கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று 2023-இல் அறிவித்தார்கள். உலகமே கைதட்டியது. 2024-இல் அதே நோயாளிகளைக் கூடுதல் காலம் பார்த்த பிறகு, அந்தப் பலன் நிலைக்கவில்லை என்று அதே ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கு அது ஒரு பெருமை. பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் தெரிந்தது.

இனிக் கெட்டது. சூடு அரைகுறையாக நின்றால் என்ன ஆகும்? 2019-இல் சீன ஆய்வாளர்கள் விலங்குகளிலும் நோயாளிகளின் திசுக்களிலும் கண்டது இது: முழுதாக வேகாமல் விட்ட கட்டியைச் சுற்றி எழும் அழற்சி, உதவிக்கு வர வேண்டிய டி செல்களுக்குப் பதிலாக அவற்றை முடக்கும் வேறொரு செல் கூட்டத்தை இழுத்து வருகிறது. மிச்சக் கட்டி முன்னைவிட வேகமாக வளர்கிறது. அதற்கு மேல் விலை உயர்ந்த எதிர்ப்பாற்றல் மருந்தைக் கொடுத்தாலும் எடுபடுவதில்லை. அடித்துவிட்டு வாலை மட்டும் நசுக்கிய பாம்பைப் போல. சூடு பட்டுப் பிழைத்த செல், சூடே படாத செல்லைவிடப் பொல்லாதது. சுட்டவர் யார், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், ஓரம் முழுதாக வெந்ததா, ஒரு மாதம் கழித்துப் படம் எடுத்துப் பார்த்தார்களா என்ற கேள்விகள் மருத்துவர்களின் தொழில் இரகசியம் ஆக முடியாது. நோயாளியின் உயிர் அந்த விடைகளில் இருக்கிறது.

இப்போது கடைத்தெருவுக்கு வருவோம். "சூட்டால் புற்று அழியும்", "எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பும் வெப்ப சிகிச்சை", "பக்கவிளைவே இல்லை" என்று கைபேசித் திரையில் ஓடும் விளம்பரங்களைப் பாருங்கள். உண்மையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு பொய்யின் முழுத் துணியை விரிக்கிறார்கள். உடம்பைப் போர்த்திச் சூடேற்றினாலும், அகச்சிவப்பு விளக்கின் கீழ் படுக்க வைத்தாலும், வெந்நீர்த் தொட்டியில் இறக்கினாலும் ஈரலுக்குள் இருக்கும் கட்டி வேகாது. மிதமான சூட்டால் பயன் கண்ட மெய்யான ஆய்வுகள் உண்டு, மறுக்கவில்லை. நெதர்லாந்தில் கருப்பைவாய்ப் புற்று முற்றிய பெண்களுக்குக் கதிர்வீச்சோடு ஆழ்வெப்பமும் சேர்த்தபோது, மூன்று ஆண்டு உயிரோடிருந்தவர்கள் 27 சதவீதத்திலிருந்து 51 ஆனார்கள், 2000-இல் வெளியானது. அங்கே சூடு தனியாக வைக்கப்படவில்லை. கதிர்வீச்சோடு சேர்த்து, உடம்புக்குள்ளேயே வெப்பமானி வைத்து அளந்து, இயற்பியலாளர் பக்கத்தில் இருந்து செய்தார்கள். அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, "கீமோ வேண்டாம், கரண்ட் வேண்டாம், எங்களிடம் வாருங்கள்" என்று சொல்பவர் சொல்வது வைத்தியம் அன்று. அவரிடம் போய்த் திரும்புவதற்குள் நெல்லிக்காய் மாங்காய் ஆகிவிடக்கூடும். பிறகு எந்த ஊசிக்கும் அது அடங்காது.

புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது இந்த நாட்டில் குற்றம். மருந்துகள், மந்திர நிவாரணங்கள் பற்றிய ஆட்சேபகர விளம்பரச் சட்டம் சொல்கிறது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை. சட்டம் வந்தது 1954-இல், பிரெஞ்சுக்காரரிடமிருந்து புதுச்சேரி கைமாறிய அதே ஆண்டு. கொடி மாறியதைக் கொண்டாடுகிறோம். கூடவே பிறந்த சட்டத்தைத் தூசி தட்டக்கூட ஆளில்லை. 2010-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் யூனியன் பிரதேசம் என்ற முறையில் நமக்கு 2012 முதலே பொருந்தும். நலவழித் துறை நினைத்தால் நாளைக் காலையே கதவைத் தட்டலாம்.

கடைக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நாமும் அரைவேக்காடுதான். சுடும் சிகிச்சை பலிப்பது கட்டி சிறிதாக இருக்கும்போது. சிறிதாக இருக்கும்போது நோயாளிக்கு வலி இல்லை, மஞ்சள் இல்லை, எடை குறையவில்லை. வயிறு வீங்கி மகோதரம் கண்ட பிறகு வருகிறவருக்கு ஊசி வைக்க இடம் இருக்காது. ஆகவே யாருக்கு வரக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. யாருக்கு வரும் என்பதும் தெரியும்: ஈரல் இறுகிச் சிரோசிஸ் ஆனவர்களுக்கு. யாருக்குச் சிரோசிஸ் ஆகிறது என்பதும் தெரியும்: ஹெபடைட்டிஸ் பி, சி உள்ளவர்களுக்கும், சர்க்கரையோடு ஈரலில் கொழுப்பு ஏறியவர்களுக்கும், முக்கியமாகக் குடிப்பவர்களுக்கும்.

புதுச்சேரியில் இதைச் சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கத்தைவிட இந்தப் பக்கம் சரக்கு மலிவு. சனிக்கிழமை சாயங்காலம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் வண்டிகளுக்கு அது தெரியும். சாராயக்கடைக்கும் கள்ளுக்கடைக்கும் அரசே ஏலம் விடுகிறது. கலால் வருவாய் கஜானாவின் தூண்களில் ஒன்று. வில்லியனூரிலும் பாகூரிலும் திருக்கனூரிலும் கூலிக்காரர்களின் ஈரலில் ஏறும் வடு, கணக்குப் புத்தகத்தில் வருவாயாக ஏறுகிறது. கடையை மூடு என்று இன்று கேட்கப் போவதில்லை. அது வேறொரு நாள் தலையங்கம். அந்த வருவாயில் ஒரு சிறு பங்கையாவது ஈரலுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். சிரோசிஸ் உள்ளவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுத்தால் கட்டியை நெல்லிக்காய்ப் பருவத்தில் பிடிக்க வாய்ப்பு உண்டு என்பது உலகம் முழுதும் ஏற்ற முறை. கொம்யூன் தோறும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிரோசிஸ்காரர்களின் பட்டியல் ஒன்று, மாதம் இரண்டு நாள் ஸ்கேன் கருவியோடு ஒரு மருத்துவர், வராதவர் வீட்டுக்கு ஆஷா பணியாளர். இதற்கு நோபல் பரிசு வாங்கிய மூளை தேவையில்லை.

அடுத்தது, சுட்ட பிறகு கவனிப்பது. இங்கேதான் நம் மண்ணுக்கு ஒரு பழைய பெருமையை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கால்மெட், கெரென் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கி, 1921-இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்த பி.சி.ஜி. தடுப்பு மருந்து, இன்று சிறுநீர்ப்பைப் புற்றுக்கும் கொடுக்கப்படுகிறது. எதிர்ப்பாற்றலைத் தூண்டிப் புற்றை அடக்க இன்றும் புழங்கும் மருந்துகளில் மூத்தவற்றில் ஒன்று அது. அந்த பி.சி.ஜி. காசநோயை உண்மையில் தடுக்கிறதா என்று 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் தொடங்கிய ஆய்வு, பதினைந்து ஆண்டுகள் வீடு வீடாகப் பின்தொடர்ந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்ற கசப்பான விடையை உலகத்துக்குச் சொன்னது நாம்தான். கணினி பரவாத காலம், கதவைத் தட்டி எழுதிய கணக்கு. கைபேசி இல்லாத வீடு அரிதாகிவிட்ட இன்று, சுடப்பட்ட சில நூறு நோயாளிகளை ஐந்தாண்டு பின்தொடர முடியாதா?

1823-இல் பிரெஞ்சு அரசு இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது ஜிப்மர். கூடவே கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, நகரைச் சுற்றித் தனியார் கல்லூரிகள். இவ்வளவு சிறிய நிலப்பரப்பில் இத்தனை மருத்துவக் கல்லூரிகள் உள்ள ஊர் இந்தியாவில் அரிது. இவை எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு பதிவேடு வைக்கட்டும். சுடப்பட்ட ஒவ்வொருவருக்கும் கட்டியின் அளவு, சூட்டின் அளவு, ஓரத்தின் அகலம், ஒரு மாதப் படம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு படம். நோயாளி சம்மதித்தால் சுடுவதற்கு முன் ஒரு குப்பி இரத்தம், பின் ஒரு குப்பி. ஜப்பானியர் 69 பேரிடம் கண்டது நம் ஈரல்களுக்கும் பொருந்துமா என்பது அப்போதுதான் தெரியும். சாராயம் குடித்து இறுகிய ஈரல், ஹெபடைட்டிஸால் இறுகிய ஈரல், சர்க்கரை நோயாளியின் ஈரல் மூன்றும் ஒரே பாடத்தை ஒரே மாதிரி கற்கும் என்று எந்த மருத்துவரும் அடித்துச் சொல்ல மாட்டார். பதிவேடு கோரிமேடு எல்லைக்கல்லோடு நிற்கக் கூடாது. நோயாளி விழுப்புரத்துக்காரர் என்றால் தமிழக அரசின் ஆளும் அந்தப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். எல்லையை நாம்தான் போட்டோம். கட்டிக்குப் பாண்டிச்சேரி எது, தமிழ்நாடு எது?

மருந்து விலையைப் பற்றி ஒரு வார்த்தை. சூட்டால் எழும் எதிர்ப்பை நீட்டிக்கும் மருந்துகள் ஏழைக்கு எட்டாதவை என்று கைவிரிப்பது இனிச் செல்லாது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர், வாய், தொண்டைப் புற்று முற்றிய 151 பேரில் ஒரு பாதியினருக்கு, வழக்கமாகக் கொடுக்கும் அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 ஆனார்கள். ஈரலுக்கும் சூட்டுக்கும் அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் நம் நாட்டுப் பணப்பைக்கு ஏற்ற ஆய்வை நாமே செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று. அடுத்த கேள்வியைப் புதுச்சேரி கேட்கட்டும்.

அரசும் கல்லூரிகளும் அசையும் வரை நோயாளி காத்திருக்க முடியாது. எனவே வாசகர்களுக்கு, குறிப்பாக வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை நடந்திருந்தால்: சுட்ட ஓரிரு நாளில் இலேசான காய்ச்சல், உடம்பு வலி, அசதி வருவது பலருக்கும் உண்டு, ஒரு வாரத்துக்குள் அடங்கும். உடம்பு வெந்த கட்டியை அப்புறப்படுத்துகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். குளிர் நடுக்கத்தோடு கடுங்காய்ச்சல் வந்தாலோ, ஒரு வாரம் தாண்டியும் நின்றாலோ அது சீழ்கட்டியாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்கள், பித்தக்குழாயில் முன்பு அறுவை செய்துகொண்டவர்கள் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. கஷாயம் வைத்துப் பார்ப்போம், அடுத்த வெள்ளிக்கிழமை போவோம் என்று இருக்காதீர்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டில் ஒரு மாதப் படத்துக்கான தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே நின்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தத் தேதியில் கல்யாணம் இருந்தாலும், அறுவடை இருந்தாலும், கையில் பேருந்துக் காசு மட்டுமே இருந்தாலும், பழைய படங்கள் அத்தனையையும் அந்தத் துணிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு காலை ஏழு மணி வண்டியில் ஏறிவிடுங்கள்.